“சும்மா கடையில்தான் இருந்தேன்” என்று சொல்லாதீர்கள்! வேலை தேடுவோருக்குச் சில பாடங்கள்



நம்மில் பெரும்பாலோர் மனுப் போட்டு உத்தியோகம் தேடியவர்கள் அல்லர். நமது பாட்டன்மார் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் தோப்புத்துறையிலிருந்தும் புறப்பட்டு, ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் ஏறிச் சிங்கப்பூர் வந்தபோது, அவர்கள் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. எழுதியவர் மாமாவாகவோ மச்சானாகவோ இருப்பார். அந்தக் கடிதத்தைக் கடை முதலாளியிடம் நீட்டினால் வேலை நிச்சயம், சாப்பாடு நிச்சயம், கடைக்கு மேலே பாய் விரித்துப் படுக்க இடமும் நிச்சயம். நேர்முகப் பரீட்சை என்று ஒன்று இருந்ததென்றால், அது முதலாளி ஏற இறங்க ஒரு பார்வை பார்த்ததுதான்!

அந்தக் காலம் போய்விட்டது. வாடகை ஏறுகிறது, ஆள் கிடைப்பது அரிதாகிறது, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கடையில் இடம் இருப்பதில்லை. 2020-ல் கொரோனாத் தொற்று வந்து கடைவீதி வெறிச்சோடிக் கிடந்த பிறகு, ஐம்பது வயதை நெருங்கிய முதலாளிமார் சிலரே கடையை மூடிவிட்டுச் சம்பள வேலை தேட வேண்டி வந்தது. ஆகவே வேலை தேடும் வித்தை இன்று நமது வீட்டு விஷயம். அதை நாமும் கற்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் கற்பிக்க வேண்டும்.

இதை எழுதுகிறவன் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்தவன். ஆனால் கடை வைத்திருப்பது துவாஸில். தொழிற்சாலைக்கு மனுப் போடுகிறவர்கள், நேர்முகத்துக்குப் போகிறவர்கள், போய்விட்டு முகம் வாடித் திரும்புகிறவர்கள், சிரித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் தேநீருக்காகவோ தண்ணீருக்காகவோ நமது கடைப் பக்கம் வருகிறார்கள். என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னீர்கள் என்று விசாரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. நமது பிள்ளைகள் வேலை தெரியாததனால் தோற்பது குறைவு. தமக்குத் தெரிந்த வேலையை எடுத்துச் சொல்லத் தெரியாததனால் தோற்பதே அதிகம். “இதுவரை என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை, சும்மா அத்தா கடையில்தான் இருந்தேன்” என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை பல வருஷ உழைப்பைக் குப்பையில் போட்டுவிடுகிறது.

முன்னோர் கண்ட மாற்றங்கள்

இத்தகைய மாற்றம் நமக்குப் புதிதன்று. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1960-ல் அங்கே உயர்நிலைக் கல்வியும் வந்தது. ஏழைப் பிள்ளைகள் அநேகர் அங்கே படித்து முன்னேறினார்கள். ஆனால் கம்பெனிகளிலும் காரியாலயங்களிலும் ஆங்கிலம் கேட்கப்பட்டதால் பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடினார்கள். மாணவர் தொகை குறைந்து 1982-ல் அப்பள்ளி மூடப்பட்டது. தாய்மொழிப் பற்றுக் குறைந்ததால் நேர்ந்தது என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. பிள்ளைக்கு வேலை கிடைக்குமா என்ற பெற்றோரின் கவலையும் அதிலே இருந்தது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசாங்கம் சிங்கப்பூரிலிருந்து தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. 1971-க்குள் அது பெரும்பாலும் நடந்தும் முடிந்தது. அந்நாளில் நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அப்படைத் தளங்களைச் சார்ந்திருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். அதே 1968-ல் அங்கிருந்த கப்பல் பழுதுபார்க்கும் துறை செம்பவாங் ஷிப்யார்டு என்ற கம்பெனியாக மாறியது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் ஜூரோங் நகரக் கழகமும் அமைக்கப்பட்டது. தளத்தில் வேலை போனவர்கள் புதிய தொழில்களுக்குப் போக வேண்டியிருந்தது. பம்பைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவனுக்கு அந்தப் பம்பு பிரிட்டிஷ் கடற்படையுடையதா, கம்பெனியுடையதா என்பதில் பேதமில்லை. ஆனால் தனக்கு அது தெரியும் என்பதைப் புது முதலாளிக்கு அவன்தான் தெரிவிக்க வேண்டும். கைத்தொழில் ஒருவனுக்குச் சொந்தம். அதை அறியாதவருக்கு அறிவிப்பதும் அவன் பொறுப்பே. நாம் இங்கே படிக்கப்போகும் பாடங்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

முதற் பாடம்: இருப்புக் கணக்கு எடுங்கள்

வருஷக் கடைசியில் நாம் கடையில் என்ன செய்கிறோம்? அலமாரி அலமாரியாகச் சரக்கை எண்ணி எழுதுகிறோம். வேலை தேடுகிறவரும் முதலில் தம்மைப் பற்றி அவ்வாறே இருப்புக் கணக்கு எடுக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இதுவரை செய்த வேலைகளை ஒவ்வொன்றாக, எண்ணிக்கையோடு எழுதுங்கள். எத்தனை வருஷம்? நாளொன்றுக்கு எத்தனை வாடிக்கைக்காரர்? எத்தனை வகைச் சரக்கு? எவ்வளவு பணம் கையாளப்பட்டது? என்ன தகராறு வந்தது, அதை எப்படித் தீர்த்தீர்கள்?

உதாரணத்துக்கு ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். அவர் “மளிகைக் கடையில் இருந்தேன்” என்று மட்டும் எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. அதையே இப்படி எழுதலாம்: “மூன்று வருஷம் மளிகைக் கடையில் வேலை செய்தேன். சுமார் 400 வகைச் சரக்குகளை வாரம் ஒருமுறை எண்ணி இருப்பு எழுதினேன். முதலில் வந்த சரக்கு முதலில் போகும்படி அடுக்கி, காலாவதித் தேதி கடந்த பொருள் விற்பனையில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். மூன்று மொத்த வியாபாரிகளிடம் கொள்முதல் பேசினேன். கடை அடைக்கும்போது ரொக்கத்தை எண்ணி ஒப்படைத்தேன்.” துவாஸில் கிடங்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் மேலாளர் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார். ஏனென்றால், முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பதுதான் அவருடைய கிடங்கிலும் சட்டம். கடை சிறிது, கிடங்கு பெரிது, வேலை ஒன்றே.

தன் திறமையைத் தானே சொல்வது தற்பெருமை ஆகாதா என்று நம் பிள்ளைகள் கூசுகிறார்கள். யூசுப் நபி அவர்களின் வரலாற்றை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் தரும்படி அவர்களே கேட்டார்கள். பேணிக் காப்பதும் தெரியும், விவரமும் தெரியும் என்று தம்மிடமுள்ள இரண்டு தகுதிகளையும் எடுத்துரைத்தார்கள். இல்லாததைச் சொல்வதுதான் குற்றம். உள்ளதை அளவோடு சொல்வது விவரம் தெரிவிப்பதாகும். சரக்கின் மேல் எடையும் தேதியும் அச்சிட்டிருப்பதைப் பெருமையடிப்பது என்று யாராவது சொல்வார்களா?

இரண்டாம் பாடம்: வேலை எங்கே இருக்கிறது என்று அறியுங்கள்

சரக்கு எங்கே மலிவு என்று விசாரிக்காமல் கொள்முதலுக்குப் போகமாட்டோம். வேலையும் அப்படித்தான். துவாஸ் என்றால் வெறும் கப்பல் பட்டறை என்று பலர் நினைக்கிறார்கள். மருந்துத் தொழிற்சாலைகள், உணவு பதனிடும் ஆலைகள், கிடங்குகள், மின் நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எல்லாம் அங்கே உண்டு. 2022 செப்டம்பரில் துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 2040-களில் அது முழுமையடையும்போது, இருபது அடிப் பெட்டிக் கணக்கில் ஆண்டுக்கு ஆறரைக் கோடி பெட்டிகளைக் கையாளும் என்பது திட்டம். அங்கே பெட்டிகளைச் சுமந்து செல்லும் வண்டிகளில் ஓட்டுநர் இல்லை, தானியங்கி வண்டிகள். ஆகையால் வெறும் உடல் வலுவைக் காட்டி வேலை கேட்ட காலம் அங்கே குறைந்துவருகிறது. திரையைப் பார்த்துப் பல இயந்திரங்களைக் கண்காணிக்கவும், பழுது பார்க்கவும், கணக்கு வைக்கவும் ஆள் தேவை. போக்குவரத்துக்கும் குறையில்லை. 2017 ஜூனில் துவாஸ் லிங்க் வரை எம்ஆர்டி ரயில் வந்துவிட்டது.

வேலைச் செய்தி கிடைக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, அரசாங்க வழி. 2018-ல் தொடங்கிய ‘மைகரியர்ஸ்ஃபியூச்சர்’ தளத்தில் வேலைகளைச் சம்பள அளவோடு பார்க்கலாம். தொழிற்சங்க காங்கிரஸ் 2008-ல் அமைத்த வேலை நியமன, வேலைத் தகுதிக் கழகம் மனு எழுதவும் நேர்முகத்துக்குப் பழகவும் உதவுகிறது. நேரில் போய்க் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

இரண்டாவது, பயிற்சி வழி. 25 வயது நிறைந்த சிங்கப்பூரர்களுக்கு 2016-ல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி வழங்கப்பட்டது. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024 மே மாதத்தில், தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கென்று மேலும் 4,000 வெள்ளி தரப்பட்டது. இந்தப் பணம் பயிற்சிக்குத்தான் பயன்படும், கையில் வராது. கடையை மூடிவிட்டு வேலை தேடும் நடு வயதுச் சகோதரர்கள் இதை மறந்தே போகிறார்கள். மேலும், விருப்பமின்றிச் சம்பள வேலையை இழந்து, முன்பு மாதம் 5,000 வெள்ளி அல்லது அதற்குக் குறைவாகச் சம்பாதித்த சிங்கப்பூரர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஆறு மாதத்துக்குள் மொத்தம் 6,000 வெள்ளி வரை உதவி கிடைக்கும் திட்டம் ஒன்று 2025 ஏப்ரலில் வந்திருக்கிறது.

மூன்றாவது, அறிமுக வழி. இதிலேதான் வர்த்தகர்களாகிய நமக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர், பாஸ்டன் நகரையடுத்த ஓர் ஊரில் வேலை மாறியவர்களை விசாரித்து, 1973-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், செய்தி சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்போம் என்றவர் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். எப்போதாவது சந்திப்போம் என்றவர் ஐம்பத்தாறு பேர். அரிதாகச் சந்திப்போம் என்றவர் இருபத்தெட்டு பேர். காரணம் எளிது. நெருங்கிய சொந்தக்காரருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகக்காரர்தான் புதுச் செய்தி கொண்டுவருவார். சகோதரர்களே, கடைக்காரனைவிட அதிகமான தூரத்து அறிமுகம் யாருக்கு உண்டு? லாரி டிரைவரும், கிடங்கு மேற்பார்வையாளரும், பாதுகாப்பு அதிகாரியும் நம் கல்லாப்பெட்டிக்கு முன்னால்தான் நிற்கிறார்கள். “உங்கள் இடத்தில் ஆள் எடுக்கிறார்களா?” என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்து, தேவைப்படுகிற பிள்ளைக்குச் சொல்லுங்கள். செய்தி சொல்வதுதான் நமது காரியம். வேலையைப் பெறுவது அந்தப் பிள்ளையின் தகுதி.

மூன்றாம் பாடம்: மனு சுருக்கமாகவும் உண்மையாகவும் இருக்கட்டும்

வாழ்க்கைக் குறிப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கடைசியாகச் செய்த வேலை முதலில் வர வேண்டும். விளம்பரத்தில் என்ன கேட்டிருக்கிறார்களோ அதை வரிக்கு வரி படித்து, அதற்கு ஏற்ற உங்கள் அனுபவத்தை மேலே வையுங்கள். பத்துக் கம்பெனிக்கும் ஒரே மனுவைப் பிரதியெடுத்து அனுப்புவது, எல்லா வாடிக்கைக்காரருக்கும் ஒரே அளவுச் சட்டையை நீட்டுவது போன்றது.

மதம், இனம், கல்யாணம் ஆனதா என்பவற்றை எழுத வேண்டியதில்லை. அடையாள அட்டை எண்ணையும் மனுவில் போட வேண்டாம். வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும். சிங்கப்பூரின் முத்தரப்பு வழிகாட்டிகளின்படி, வேலைக்குச் சம்பந்தமில்லாத வயது, இனம், மதம் போன்ற விவரங்களை முதலாளிமார் மனுப் படிவத்தில் கேட்கலாகாது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தையும் நிறைவேற்றியது.

இல்லாத படிப்பையும் செய்யாத வேலையையும் ஒருபோதும் எழுத வேண்டாம். கலப்படச் சரக்கு ஒருநாள் பிடிபடும். பிடிபட்டால் வேலை போவது மட்டுமல்ல, பெயரும் போய்விடும்.

நான்காம் பாடம்: நேர்முகத்துக்கு முந்தின நாள்

கம்பெனி என்ன செய்கிறது என்று படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். என்ன பொருள் செய்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள் என்பது தெரியாமல் போகக் கூடாது. வழியை முன்கூட்டியே பாருங்கள். துவாஸில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் பெயர் ஒன்றுபோலவே இருக்கும். துவாஸ் அவென்யூ, துவாஸ் சௌத் அவென்யூ என்று எண்ணோடு வரும். எண் மாறிப்போனால் வெயிலில் அரை மணி நேரம் நடக்க வேண்டியதுதான். ரயிலிறங்கி பஸ் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, குறித்த வேளைக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

சான்றிதழ்களின் பிரதியும், வாழ்க்கைக் குறிப்பில் இரண்டு பிரதியும், ஒரு பேனாவும் உறையில் இருக்கட்டும். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை, மூடிய காலணி. தொழிற்சாலைக்குள் அழைத்துப் போய்க் காட்டலாம். செருப்புப் போட்டிருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று. பதில்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது வேறு, வாய் திறந்து சொல்வது வேறு. வீட்டில் அக்காவோ தங்கையோ கேள்வி கேட்க, பிள்ளை பதில் சொல்லட்டும். ஆங்கிலம் தடுமாறினால் சின்னச் சின்ன வாக்கியமாக நிதானமாய்ப் பேசுங்கள். கேள்வி புரியாவிட்டால், தயவு செய்து மறுபடி சொல்லுங்கள் என்று கேட்பதில் வெட்கமில்லை. புரியாமல் தலையாட்டுவதுதான் ஆபத்து. தொழிற்சாலையில் புரியாமல் தலையாட்டுகிறவனால் விபத்து வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஐந்தாம் பாடம்: கேள்விகளும் பதில்களும்

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.” இதற்குப் பிறந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு நிமிஷத்தில் மூன்று விஷயம் போதும்: இப்போது என்ன செய்கிறேன், இதற்கு முன் என்ன கற்றேன், இந்த வேலைக்கு அது எப்படி உதவும்.

“ஒரு சங்கடத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?” இக்காலத்தில் இந்த மாதிரிக் கேள்விதான் அதிகம். “நீங்கள் பொறுப்பானவரா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், ஆகவே நடந்ததைச் சொல்லச் சொல்கிறார்கள். பதிலை நான்கு படியாகக் கட்டுங்கள்: நிலைமை, என் பொறுப்பு, நான் செய்தது, கண்ட பலன். மாதிரிக்கு ஒன்று: “மாலை வேளையில் கடையின் குளிர்பெட்டி நின்றுவிட்டது. முதலாளி வெளியூர் போயிருந்தார். கடை என் பொறுப்பில் இருந்தது. பாலையும் கோழியையும் பக்கத்துக் கடைக் குளிர்பெட்டிக்கு மாற்றினேன். எந்த நேரத்தில் மாற்றினேன் என்று எழுதி வைத்தேன். பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டேன். இளகிப்போன ஐந்து பாக்கெட்டுகளை மட்டும் விற்காமல் ஒதுக்கிவிட்டு முதலாளிக்குத் தகவல் சொன்னேன்.” மருந்து ஆலையிலும் உணவு ஆலையிலும் தேடுவது இத்தகைய ஆளைத்தான். ஆனால் உங்களுக்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். இந்த மாதிரியை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கக் கூடாது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் சாயம் வெளுத்துவிடும்.

“முந்தின வேலையை ஏன் விட்டீர்கள்?” பழைய முதலாளியைத் தூற்ற வேண்டாம். கடையை மூடிவிட்டேன் என்றால் அப்படியே சொல்லுங்கள். கடை மூடுவது அவமானமன்று. பதினைந்து வருஷம் வாடகை கட்டி, ஆளுக்குச் சம்பளம் கொடுத்து, கணக்கு முடித்து மூடினேன் என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். அந்த நடு வயதுச் சகோதரரிடம் இன்னொரு சந்தேகமும் அவர்களுக்கு இருக்கும்: முதலாளியாக இருந்தவர் இளையவரின் சொல்லைக் கேட்பாரா? கேட்காமலே அவர்கள் மனத்தில் நிற்கும் கேள்வி அது. ஆகவே நீங்களே சொல்லிவிடுங்கள்: “எனக்குப் புதிய தொழில் இது, என்னைவிட இளையவரிடமும் கற்றுக்கொள்வேன்.”

“என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?” விலை தெரியாமல் பேரம் பேச முடியுமா? மனிதவள அமைச்சு தொழில்வாரியாகச் சம்பள விவரம் வெளியிடுகிறது. விளம்பரங்களிலும் அளவு இருக்கிறது. பார்த்து வைத்துக்கொண்டு, இன்ன தொகையிலிருந்து இன்ன தொகை வரை என்று சொல்லுங்கள்.

“எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” இல்லை என்று எழுந்து வந்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் என்ன கற்றுத் தருவீர்கள், ஷிப்ட் எப்படி, கம்பெனி பஸ் எங்கிருந்து புறப்படும் என்று கேளுங்கள். ஜும்ஆத் தொழுகை பற்றியும் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அதை முதற் கேள்வியாக வைக்காமல், வேலையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, “வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியுமா? அந்த நேரத்தை ஈடுசெய்துவிடுகிறேன்” என்று மரியாதையாகக் கேளுங்கள். இயந்திரம் நிற்க முடியாத இடமானால் அவர்களும் நேராகச் சொல்லிவிடுவார்கள். சேர்ந்த பிறகு தகராறு செய்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது இரு சாராருக்கும் நல்லது.

ஆறாம் பாடம்: வேலை கிடைத்த பின் ஜாக்கிரதை

வந்து பார்த்ததற்கு நன்றி தெரிவித்து அன்றைக்கே நாலு வரி எழுதி அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் சோர வேண்டாம். எந்தக் கேள்வியில் தடுமாறினோம் என்று நோட்டில் குறித்து, அடுத்ததற்குத் தயாராகுங்கள்.

கிடைத்துவிட்டால், நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். 2016 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த 14 நாளைக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்து மூலம் தர வேண்டும் என்பது சட்டம். விவரமான சம்பளச் சீட்டும் தர வேண்டும். சம்பளக் காலம் முடிந்து 7 நாளைக்குள் சம்பளம் வர வேண்டும்.

ஊரிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இன்னும் அதிக ஜாக்கிரதை தேவை. வேலை கொடுப்பதற்காக முதலாளி ஊழியரிடம் பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். உரிமம் பெற்ற ஏஜென்சி ஊழியரிடம் வாங்கும் கட்டணம், ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. வேலை அனுமதிக்கு முன் வரும் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தில் சம்பளம் எழுதியிருக்கும். அதை ஊழியரின் தாய்மொழியில், அவர் புறப்படுவதற்கு முன்பே அனுப்ப வேண்டும். உங்கள் சொந்தக்காரப் பிள்ளை நகையை அடகு வைத்துப் பணம் கட்டப் போகிறது என்று கேள்விப்பட்டால், “கடிதத்தைப் படித்தாயா தம்பி? அதில் என்ன தொகை போட்டிருக்கிறது?” என்று போன் போட்டுக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு குடும்பத்தின் வீட்டையே காப்பாற்றலாம்.

வர்த்தகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நாமும் ஒரு வகையில் நேர்முகம் செய்கிறவர்களே. நம் கடையில் வேலை பார்க்கும் பிள்ளை வேறு வேலை தேடுகிறான் என்று தெரிந்தால் சிலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்கள். நேர்முகத்துக்கு அரை நாள் விடக்கூட மனசு வருவதில்லை. இது நியாயமன்று. நம்மிடம் உழைத்தவனுக்கு அவன் வேலையைக் குறித்த சான்றிதழ் தருவது நமது கடமை. “நல்ல பையன்” என்று எழுதினால் போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தான், என்னென்ன பொறுப்பு வகித்தான், ரொக்கம் ஒப்படைத்தோமா, சாவி கொடுத்தோமா என்று எழுதுங்கள். கடைச் சாவியைக் கொடுத்தோம் என்ற ஒரு வரி, எந்தப் புகழுரையையும்விடப் பெரிய சாட்சி. பாட்டன்மார் கொண்டுவந்த கடிதம் இன்னார் மகன் என்று சொன்னது. நாம் கொடுக்கும் கடிதம் இன்ன வேலை தெரிந்தவன் என்று சொல்லட்டும்.

சொந்தப் பிள்ளைகள் விஷயத்திலும் இப்படியே. கடையில் ஒத்தாசை செய்யும் மகனுக்கும் மகளுக்கும் வெறும் ஏவல் வேலை மட்டும் கொடுக்காமல், கொள்முதல், இருப்பு, கணக்கு என்று ஒரு பொறுப்பை முழுதாக ஒப்படையுங்கள். அவர்கள் கடையையே நடத்த நேர்ந்தாலும் அது பயன்படும். கம்பெனிக்குப் போக நேர்ந்தாலும் சொல்ல விஷயம் இருக்கும்.

இந்த வாரமே கடை அடைத்த பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளையை எதிரே உட்கார வைத்து, நோட்டைக் கையில் கொடுத்து, நீங்கள் மேலாளராக இருந்து கேளுங்கள்: “தம்பி, இதுவரை என்ன வேலை செய்திருக்கிறாய்?” “சும்மா கடையில்தான்...” என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். எத்தனை வருஷம், என்ன பொறுப்பு, என்ன பலன் என்று கேட்டு எழுத வையுங்கள். ஒரு பக்கம் நிறைவதற்குள், தனக்கு இவ்வளவு தெரியுமா என்று அந்தப் பிள்ளையே ஆச்சரியப்படும். அந்தத் தைரியத்தோடு நேர்முகத்துக்குப் போகட்டும்.